‘பி.எஃப். வேண்டாம்’ என்று எழுதி வாங்கினால் செல்லுமா?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். டெய்லர், கட்டிங் மாஸ்டர் என்று நேரடி ஆட்கள் 16 பேர். செக்கிங், அயர்னிங்குக்கு கான்ட்ராக்டர் மூலம் 6 பேர் வருகிறார்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறேன்; கட்டுவதுதான் சில மாதம் தள்ளிப்போகும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிப்பதில்லை. ‘முழுச் சம்பளமும் கையில் வேண்டும்’ என்று தொழிலாளர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இப்போது பி.எஃப். அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்தக் கையெழுத்துத் தாளை நம்பி விசாரணைக்குப் போகாதீர்கள். சட்டம் தரும் உரிமையைத் தொழிலாளி எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. அதைவிட மோசம், பி.எஃப். பிடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அந்தத் தாளே சாட்சியாகிவிடும்.

20 பேர் வேலை செய்தால் பி.எஃப். உண்டு. கான்ட்ராக்டர் ஆட்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். கான்ட்ராக்டருக்குத் தனி பி.எஃப். எண் இருந்து, அந்த 6 பேருக்கும் அவர் ஒழுங்காகக் கட்டியிருந்தால், அதை வைத்து வாதாட இடமிருக்கிறது. மாதாமாதம் கட்டிய ரசீதை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் கட்டவில்லையென்றால் பொறுப்பு உங்கள் தலையில்தான். அந்தத் தொகையை அவருக்குக் கொடுக்கும் பில்லில் நீங்கள் கழித்துக்கொள்ளலாம்.

இனி வலிக்கிற இடம். மாதம் 14,000 ரூபாய் வாங்குபவருக்கு அவர் பங்கு 12 சதவீதம், 1,680 ரூபாய். உங்கள் பங்கும் அதே 1,680, அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும். காப்பீடு, நிர்வாகச் செலவு என்று இன்னும் ஒரு சதவீதம், 140. ஆக மாதம் 3,500. பதினெட்டு மாதத்துக்குத் தலைக்கு 63,000 ரூபாய்.

‘சரி, தொழிலாளி பங்கை இனிமேல் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறேன்’ என்று நினைப்பீர்கள். முடியாது. 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 32-ஆம் பத்தி அதைத் தடுக்கிறது. அந்தந்த மாதப் பங்கை அந்தந்தச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். தற்செயலான தவறோ, எழுத்துப் பிழையோ இருந்தால்தான் விலக்கு; தெரிந்தே பிடிக்காமல் விட்டதற்கு அந்த விலக்கு கிடைக்காது. இரண்டு பங்கும் உங்கள் பையிலிருந்துதான். மேலே ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அது போக அபராதம். இதனால்தான் தாமதிக்காமல் பதிவு செய்து இந்த மாதச் சம்பளத்திலிருந்தே பிடிக்கத் தொடங்கச் சொல்கிறேன். சேரும்போதே 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கி, அதற்கு முன் எங்கும் பி.எஃப். உறுப்பினராக இல்லாதவர்களை மட்டும் தனியாகப் பட்டியலிடுங்கள். அவர்களுக்கு விலக்குக் கேட்கலாம்.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இ.எஸ்.ஐ. விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடித்து, உங்கள் 3.25 சதவீதத்தையும் சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். நூல் வாங்க அந்தப் பணத்தைப் புரட்டுவது ஊர் வழக்கமாக இருக்கலாம். ஆனால் பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 316-ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. ஒரு நாள் தாமதித்தாலும் அந்தத் தொழிலாளர் பங்கு முதலாளியின் வருமானமாகிவிடும், வருமான வரிக் கழிவும் கிடைக்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 14,000 ரூபாய்க்குப் பிடிக்கிற 105 ரூபாயைச் சுழற்றி வம்பை விலைக்கு வாங்குவானேன்?

சம்பளத்தில் பிடிக்கிற வருமான வரி (டி.டி.எஸ்.) பற்றிப் பதற வேண்டாம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை; உங்கள் கட்டிங் மாஸ்டர்கூட அதைத் தொடமாட்டார். தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சியில் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டீஸில் சொன்ன நாளில் நேரில் போங்கள். போகாவிட்டால் கிடைக்கிற கணக்கை வைத்து அதிகாரியே தொகையை நிர்ணயித்துவிடுவார். சனிக்கிழமைச் சம்பள நோட்டு, வருகைப் பதிவேடு, கான்ட்ராக்டர் பில்கள், வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 20 என்ற எண்ணை நீங்கள் எந்த மாதம் தொட்டீர்களோ, பாக்கி அங்கிருந்துதான் தொடங்கும்; ஒன்றரை வருடமும் சேராமல்கூட இருக்கலாம்.