பழைய கெப்புக்கு எஞ்சின் செய்வதா, மாற்றுவதா? – வாகனம்: கேள்வி பதில்

வத்தளையிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, என்னிடம் 1993ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது, 3எல் டீசல் எஞ்சின். புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் சாமான் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதன் வேலை. இப்போது காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை, பாரத்தோடு பாலம் ஏற இழுவை இல்லை, ஒயிலும் குறைகிறது. ஒரு கராஜில் எஞ்சினை இறக்கிச் செய்யத்தான் வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர், பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று எடுத்துப் போட்டால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார். கையில் காசு கொஞ்சம்தான். எது இலாபம்?

பதில்: அந்த இரண்டு பேரில் யாராவது கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுக அழுத்தப்படுகிறது என்று, பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பார்க்கவில்லை என்றால் இப்போதைக்கு இரண்டு பேருக்கும் ஒரு சதம்கூட முற்பணம் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் சொன்ன மூன்று குறையும் ஒரே காரணத்தால் வந்ததாக இருக்கலாம், மூன்று வேறு காரணங்களாலும் இருக்கலாம். காலையில் மட்டும் வெள்ளைப் புகை வந்து எஞ்சின் சூடேறியதும் நின்றால் ஸ்டார்ட் எடுக்கச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் ஒன்றிரண்டு செத்திருக்கும், அல்லது டீசலைத் தூவும் நொசில் சரியாகத் தூவாமல் ஒழுகும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் காஸ்கெட் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவே உள்ள தகடு) பக்கம் சந்தேகப்பட வேண்டும். இழுவை குறைவது அடைத்துப்போன டீசல் ஃபில்டரால்கூட வரும். ஒயில் எரிகிறதா ஒழுகுகிறதா என்பதையும் முதலில் பாருங்கள், இரவு நிறுத்தும் இடத்தில் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு காட்போட் மட்டையைப் போட்டு வைத்தால் காலையில் விடை கிடைத்துவிடும். எரிகிறது என்றால் புகை நீலமாக இருக்கும். அந்த நீலப் புகை ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு தடவை மட்டும் வந்து போனால் பெரும்பாலும் வால்வ் சீல்தான், அதற்காக யாரும் எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

அப்புறம் கொம்ப்ரஷன். டீசலுக்கென்று இருக்கும் கேஜ்தான் வேண்டும், பெற்றோல் கேஜ் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. எஞ்சின் சூடாக இருக்க, பற்றரி நன்றாகச் சார்ஜ் ஏறியிருக்க, ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். உங்கள் 3எல் எஞ்சினுக்கு நல்ல நிலையில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ இருக்க வேண்டும், 20க்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்கு மேல் வரக் கூடாது என்பது டொயோட்டாவின் அளவு. நான்கும் 27, 28 என்று கிட்டக்கிட்ட நின்றால் அடி எஞ்சினைத் தொடவே வேண்டாம், நொசில், ஹீட்டர் பிளக், வால்வ் இடைவெளி, பம்ப் டைமிங் இவற்றைச் சரிபண்ணினாலே வண்டி எழும்பிவிடும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மட்டும் விழுந்திருந்தால் அந்த இரண்டுக்கும் இடையே காஸ்கெட் போயிருக்கிறது. நான்கும் சேர்ந்து இறங்கி, ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைக் கழற்றித் தலைகீழாகத் துளைமேல் வைத்தால் புகை அதைத் தள்ளி விழுத்துகிறது என்றால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்துவிட்டன, அப்போதுதான் இறக்குகிற பேச்சு. ஒரு எச்சரிக்கை: பெற்றோல் எஞ்சினில் செய்வதுபோல சிலிண்டருக்குள் ஒயில் ஊற்றிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். டீசலில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் மிகச் சிறியது, கேஜ் பொய்யாக ஏறிக் காட்டும், கொஞ்சம் கூடிப்போனால் கொனெக்டிங் ரொட் வளைந்தே விடும்.

சரி, போர் தேய்ந்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புளொக் வெடிக்காமல் இருந்தால் உங்கள் சொந்த எஞ்சினைச் செய்வதுதான் என் பக்கம். முதல் காரணம், அது எங்கே எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, புளொக் அதேதான் என்பதால் எஞ்சின் இலக்கமும் மாறாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலையத் தேவையில்லை. மூன்றாவது காசு. மாற்று எஞ்சின் என்பது இன்னொரு வண்டியில் ஓடித் தேய்ந்த எஞ்சின்தான், அதைப் போட்ட பிறகும் டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், சீல்கள், கிளட்ச் எல்லாம் வாங்கத்தான் வேண்டும், அந்தக் கணக்கை முதலில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

காசைக் கொண்டுபோய் லேத் பட்டறையில் போடுங்கள். நல்ல பட்டறையில் போர் கேஜை விட்டு மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில், இடத்துக்கு இரண்டு திசையாக அளந்து உங்களுக்கு எழுதித் தருவார்கள், ரிங் திரும்பும் மேல் விளிம்பில்தான் தேய்மானம் அதிகம் தெரியும். அளக்காமல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு "அரை மில்லி போர் போடுவோம்" என்கிற இடத்திலிருந்து புளொக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அளந்த பிறகுதான் ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய) பிஸ்டன் வாங்க வேண்டும், வாங்கிய பிஸ்டன்கள் கையில் இருக்கும்போதுதான் போர் அடிக்க, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும், ஏனென்றால் இடைவெளியைக் கையில் உள்ள பிஸ்டனுக்கு ஏற்றபடிதான் வைக்க வேண்டும், பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி அடித்தால் ஒன்று இறுகும், இல்லாவிட்டால் தட்டும். ஹெட்டை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், இந்த எல் வகை (2எல், 3எல், 5எல்) ஹெட்டுகள் சூடு கூடினால் இரண்டு வால்வ் சீட்டுக்கு நடுவே வெடிக்கிற வகை.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. எல் எஞ்சினின் ஹெட் காஸ்கெட் ஒரே அளவில் வருவதில்லை, பி, டி, எஃப் என்று குறியிட்ட மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது புளொக்கின் முகத்தை விடக் கொஞ்சம் வெளியே நீட்டும், அந்த நீட்டலை டயல் கேஜால் நான்கு பிஸ்டனிலும் அளந்துதான் எந்தக் காஸ்கெட் என்று முடிவெடுக்க வேண்டும். புளொக்கின் முகத்தை லேத்தில் சீவியிருந்தால் நீட்டல் கூடியிருக்கும், பழைய காஸ்கெட்டின் குறியைப் பார்த்து அதே மாதிரி வாங்கினால் தப்பாகிவிடும். தடிப்புக் கூடிப் போனால் காலையில் ஸ்டார்ட் எடுக்க முக்கும், நீங்கள் எந்தப் புகைக்காக எஞ்சினை இறக்கினீர்களோ அதே புகை திரும்ப வரும். குறைந்து போனால் பிஸ்டன் மேலே இடிக்கப் பார்க்கும். காஸ்கெட் செட் வாங்கப் போகும்போது இந்த எழுத்தைச் சொல்லிக் கேளுங்கள், கடைக்காரருக்கு விளங்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஓல்ட்டனேற்றர், ஸ்டார்ட்டர், பழுதில்லாத இஞ்செக்ஷன் பம்ப் இவற்றைப் புதிதாக வாங்க வேண்டாம், பம்பையும் நொசிலையும் டீசல் பம்ப் பட்டறையில் கொடுத்துச் சோதித்தால் போதும். எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கவே வேண்டாம். ஆனால் ரேடியேட்டரைக் கழற்றி ரொட் அடிப்பது (உள்குழாய் அடைப்பைக் கம்பியால் குத்தி எடுப்பது), தேர்மோஸ்டாட், ஹோஸ் குழாய்கள், டைமிங் பெல்ட்டும் அதன் ஐட்லரும், இவை நான்கையும் பட்ஜெட்டிலிருந்து வெட்டாதீர்கள். பேஸ்லைன் வீதியில் மத்தியானம் பாரத்தோடு ஊர்ந்து போகிற வண்டிக்கு அடைத்த ரேடியேட்டர் இருந்தால், புதிதாகச் செய்த ஹெட் ஒரு வருடம்கூடத் தாங்காது. இந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபடும், செலவழித்த அத்தனை காசும் ஒரு நொடியில் போய்விடும்.

கராஜ்காரரிடம் கூலியையும் சாமானையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகம் எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றும் முதலிலேயே பேசிவிடுங்கள். திறந்து பார்த்தால் எதிர்பாராத ஒன்று நிச்சயம் வரும், கையில் உள்ளதில் கால்வாசியை அதற்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குத் திட்டம் போடுங்கள்.

கொலன்னாவையிலிருந்து: என் ஹைலக்ஸில் 2எல் இருக்கிறது, புளொக் வெடித்துவிட்டது. 3எல் அல்லது 5எல் போடலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: புளொக் போய்விட்டதால் உங்களுக்கு மாற்றுவதுதான் வழி, அதில் எனக்கு மறுப்பில்லை. மூன்றும் ஒரே குடும்பம், 2446, 2779, 2986 சீசீ என்று அளவுதான் பெரிதாகிக்கொண்டு போகிறது, அதனால் வேறு கம்பனி எஞ்சின் போடுவதைவிட மவுன்டிங், கியர்பொக்ஸ் பக்க வெட்டு ஒட்டு வேலை மிகக் குறைவு. எஞ்சின் பெயரின் கடைசியில் "இ" என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 5எல்-இ என்றால் பம்ப் எலெக்ட்ரோனிக், கொம்பியூட்டரும் வயரிங்கும் சேர்த்து வாங்காவிட்டால் அது உங்கள் வண்டியில் ஓடாது. பட்ஜெட் வேலைக்கு வெறும் 3எல் போதும்.

கடையில் எஞ்சின் சில்வர் பெயின்ட்டில் மினுங்கினால் அதை ஒரு நல்ல அடையாளமாக எடுக்காதீர்கள். கிராங் புல்லியில் சொக்கட் போட்டு இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றுங்கள், ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடியுங்கள், கறுப்பாகக் கட்டி பிடித்திருந்தால் ஒயில் மாற்றாமல் ஓடிய எஞ்சின், பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்த எஞ்சின். தண்ணீர் வெளியேறும் வாயில் துருச்சேறு இருக்கிறதா, ஹெட் போல்ட்டுகளின் மூலை மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு தரையில் வைத்தே பற்றரி கொடுத்துக் கொம்ப்ரஷன் காட்டச் சொல்லிக் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் என்பதால் அளவு கொஞ்சம் குறைந்து நிற்கும், நான்கும் ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். உத்தரவாதம் என்றால் எத்தனை நாள், எஞ்சினை மாற்றித் தருவார்களா, இறக்கி ஏற்றும் கூலி யார் தலையில் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

புளொக்கில் அடித்திருக்கும் இலக்கத்தை நீங்களே துடைத்துப் படித்து, அதே இலக்கம் பில்லிலும் இருக்கிறதா என்று பாருங்கள், இறக்குமதிச் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றியே ஆக வேண்டும், வண்டி லீசிங்கில் இருந்தால் அந்த நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். பதியாமல் ஓடினால் விற்கும்போது மட்டுமில்லை, விபத்து நடந்து காப்புறுதி கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணா, என்னுடையது இசுசு 4ஜேஏ1. இதையும் ஓவர்சைஸ் போர் அடிக்கலாமா?

பதில்: தம்பி, அந்த எஞ்சினின் முறை வேறு. அதில் சிலிண்டர் துளைக்குள் மெல்லிய லைனர் (உருக்குக் குழாய்) போட்டிருக்கிறது, தேய்ந்தால் லைனரை இழுத்துவிட்டுப் புது லைனரும் ஸ்டான்டர்ட் பிஸ்டனும் போடுவதுதான் வழமை. குரோம் பூசிய லைனர் என்றால் அதை ஹோன் பண்ணவும் (உள்ளே கல்லால் தேய்க்கவும்) கூடாது. லைனர் உட்காரும் புளொக்கின் துளையை அளந்துதான் லைனர் வாங்க வேண்டும், சுத்தியலால் அடித்து இறக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள், பிரஸ் உள்ள பட்டறையைத் தேடுங்கள்.

தெஹிவளையிலிருந்து: இவ்வளவு செலவழித்துப் பழைய கெப்பை வைத்திருப்பதைவிட விற்றுவிட்டு வேறொன்று எடுக்கலாமே?

பதில்: சேஸி துருப்பிடித்து உக்கியிருந்தால் விற்றுவிடுங்கள், எஞ்சினில் ஒரு ரூபாகூடப் போட வேண்டாம். சேஸி நல்லதாக இருந்தால் நான் வைத்திருக்கச் சொல்வேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கெப்புகளின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும், 2025இல் திரும்பத் திறந்தாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது நம் போன்ற ஆட்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. விற்ற காசுக்கு நீங்கள் எடுக்கப்போவதும் இன்னொருவர் கைவிட்ட பழைய எஞ்சின்தான்.

மருதானையிலிருந்து: எஞ்சின் செய்து முடித்துவிட்டேன். புகைப் பரிசோதனைக்கு உடனே போகலாமா? எப்படி ஓட வேண்டும்?

பதில்: உடனே போக வேண்டாம். அங்கே டீசல் வண்டியை நின்ற நிலையில் அக்சலரேற்றரை முழுவதும் மிதித்துத்தான் புகையை அளப்பார்கள், ரிங் இன்னும் போரில் படியாத எஞ்சினுக்கு அது நல்லதில்லை. வாகன வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதி நெருங்கவில்லை என்றால் முதல் 1000 கிலோமீற்றரை ஓடி முடித்துவிட்டுப் போங்கள். அந்தத் தூரத்தில் ஐட்லிங்கில் நீண்ட நேரம் விடாதீர்கள், ஒரே வேகத்திலும் ஓடாதீர்கள், வேகத்தை ஏற்றி இறக்கி, பாரம் ஏற்றாமல் அல்லது அரைப் பாரத்தோடு ஓடுங்கள், அப்போதுதான் ரிங் படியும். 500க்குள் ஒயிலையும் ஃபில்டரையும் ஒரு தடவை மாற்றுங்கள், பழைய ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி உலோகத் துகள் மினுங்குகிறதா என்று வெயிலில் பாருங்கள். நுண்ணிய பொடி கொஞ்சம் இருந்தால் பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துண்டு வந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், செய்தவரிடம் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.