கசிந்தால் கத்துமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்களுடையது இரண்டாவது மாடி ஃபிளாட். சிங்க்குக்குக் கீழே ஆர்.ஓ. டியூப் கசிந்து கீழ்வீட்டு சீலிங் ஊறிப்போய், அவர்களோடு மனஸ்தாபம் ஆகிவிட்டது. அதனால் வைஃபை கசிவு சென்சார் மூன்று வாங்கினேன், ஒன்றுகூட ஆப்பில் சேரவில்லை. பாஸ்வேர்டு சரிதான். திருப்பி அனுப்பிவிடலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: அவசரப்படாதீர்கள். மூன்றுமே பழுதாக வந்திருக்காது, முதலில் ரூட்டரைப் பாருங்கள். இந்த மாதிரி சென்சார்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபை மட்டும்தான் தெரியும். இப்போதைய ரூட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுவதால் போன் 5-ல் போய் உட்கார்ந்துகொள்கிறது, சென்சார் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிடுகிறது. ரூட்டர் செட்டிங்கில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, போனையும் அதிலேயே இணைத்துக்கொண்டு மறுபடி முயலுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதியுங்கள். அப்புறம், பேட்டரிக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உருவினீர்களா? கோபித்துக்கொள்ள வேண்டாம், நானே அதை உருவாமல் அரை மணி நேரம் ரூட்டரைத் திட்டியிருக்கிறேன்.

வைக்கிற இடமும் முக்கியம். சென்சாரின் அடியில் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும், தண்ணீர் அவற்றை இணைத்தால் கொஞ்சம் மின்சாரம் பாயும், உடனே அலறும். எனவே கேபினெட்டுக்குள் தண்ணீர் முதலில் எங்கே தேங்கும் என்று அரை டம்ளர் ஊற்றிப் பார்த்து, அந்த இடத்தில் தட்டையாக வையுங்கள். ஏசிக்குக் கீழே வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏசியிலிருந்து சொட்டுவதில் உப்பு அநேகமாகக் கிடையாது, மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அந்தத் தண்ணீரையே பிடித்துச் சோதியுங்கள், குழாய்த் தண்ணீரில் அலறியதை நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறொரு வயர்லெஸ் முறையில் பேசும் சென்சார். அது சொல்வதை வாங்கி ரூட்டருக்குத் தரும் ஹப் பெட்டி ஹாலில், ரூட்டர் மேலேயே இருக்கிறது. வாஷிங் மெஷின் பக்கம் உள்ள சென்சார் அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது, ஆனால் தரை காய்ந்திருக்கும்போது ராத்திரியில் கத்துகிறது!
- வாசகர், திருச்சி

பதில்: ஹப்பை ரூட்டர் மேலிருந்து முதலில் இறக்குங்கள். ஜிக்பீயும் அதே 2.4-ல்தான் ஓடுகிறது, பக்கத்திலேயே ரூட்டர் கத்திக்கொண்டிருந்தால் சென்சாரின் மெல்லிய குரல் ஹப்புக்கு எப்படிக் கேட்கும்? நீளமான லேன் கேபிள் போட்டு ஒன்றிரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் வழியில் ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் மாட்டுங்கள், அது சிக்னலை வாங்கிக் கடத்தும். பேட்டரியில் ஓடும் இன்னொரு சென்சாரை நடுவில் வைத்துப் பயனில்லை, அது கடத்தாது.

ராத்திரி அலறல் சோப்பு வேலையாக இருக்கலாம். நுரை காய்ந்து புள்ளிகளுக்கு நடுவே படிந்துவிட்டால், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தண்ணீர் மாதிரியே நடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு வையுங்கள்.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போகிறோம். சென்சார் இருக்கிறதே, நிம்மதியாகப் போகலாமா?
- வாசகி, மதுரை

பதில்: கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும், சென்சார் பூட்டிய வீட்டுக்குள் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும். ரூட்டரை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், போனில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எச்சரிக்கை மறுநாள்தான் வரும். சரி, வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், யார் போய்க் குழாயை மூடுவது? சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள், அதைவிட நல்லது மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் வால்வையே மூடிவிட்டுப் போவது. வருஷக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும், கிளம்புகிற அன்று போய்த் திருகாதீர்கள், ஒரு வாரம் முன்பே திருகிப் பாருங்கள். கைப்பிடி கையோடு வந்துவிட்டால் பிளம்பர் வருவதற்கும் நாள் வேண்டுமே.