பங்க் ஊழியர் கேள்விகள்: வேஸ்ட் துணி, டேங்கர் லோடு, மே மாதத் தலைவலி

கையில் ஒட்டிய கிரீஸைப் பெட்ரோலில் கழுவினால் உடனே போகிறது. கழுவலாமா?
(ஆம்பூர்)

கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்கவில்லை. கிரீஸ் போகும்தான்; கூடவே தோலின் எண்ணெய்ப் பசையும் போய்விடும். பிறகு தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வழியாகப் பெட்ரோலில் கலந்திருக்கும் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் உள்ளே இறங்கும். இப்போது விற்கும் பி.எஸ்.6 தரப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு சதவீதம்தானே என்று விடாதீர்கள்; அது எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியில் துடைத்து, சோப்புப் போடுங்கள். இரண்டே நிமிட வேலை.

இதைவிட மோசமானது சட்டைப் பையில் செருகி வைக்கும் வேஸ்ட் துணி. நாசில் (பெட்ரோல் பிடிக்கும் குழாயின் முனை) சொட்டைத் துடைத்த துணி எட்டு மணி நேரம் மூக்குக்குக் கீழேயே இருக்கிறது. ஆவி மூக்கில் ஏறும். அதே சட்டையோடு வீட்டுக்குப் போய் அடுப்பருகே நின்றால் தீ. துணியை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். சட்டை பெட்ரோலில் நனைந்துவிட்டால் பம்பை விட்டுத் தள்ளிப் போய், தண்ணீர் ஊற்றி நனைத்த பிறகே கழற்றுங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வில் பொறி கிளம்பலாம். வருடம் ஒரு முறை முழு ரத்தப் பரிசோதனை எடுத்து ஹீமோகுளோபின், வெள்ளை அணு, தட்டணு மூன்றையும் போன வருட ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பால், வெல்லம் சாப்பிட்டால் பெட்ரோல் ஆவி முறிந்துவிடுமா?
(குடியாத்தம்)

முறியாது.

தீப்பிடித்தால் என்ன செய்வது?
(வாணியம்பாடி)

எங்கே, எதில் என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? பைக் டேங்க் வாயில் என்று வைத்துக்கொள்கிறேன். நாசிலை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். பெட்ரோல் தெறித்துத் தீ உங்கள் மேல் வரும். லீவரை விடுங்கள், எமர்ஜென்சி சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள், வண்டியில் இருப்பவரை விலக்குங்கள். டிசிபி (உலர் தூள்) தீயணைப்பு சிலிண்டரின் பின்னை இழுத்து, காற்று வரும் பக்கம் நின்று, தீயின் அடியில் அடியுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் பெட்ரோல் மிதந்து பரவும்.

டேங்கர் லோடு வந்ததும் உடனே டிப் போட (அளவுக் கம்பியை உள்ளே விட்டு எண்ணெய் அளவு பார்க்க) சொல்கிறார் மேலாளர்.
(காட்பாடி)

மறுத்துவிடுங்கள். ஓடி வந்த டேங்கரில் எண்ணெய் குலுங்கி நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். முதலில் எஞ்சின் ஆஃப், சக்கரத்துக்குக் கட்டை, நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கிளிப். அதன் பிறகும் பத்து, பதினைந்து நிமிடம் விட்டுத்தான் டிப் ராடு. கிளிப்பைப் பெயின்ட் மேல் மாட்டினால் மாட்டாததற்குச் சமம். வெறும் இரும்பைக் கடிக்க வேண்டும். ஹோஸைக் கழற்றிய பிறகே கிளிப்பை எடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைப் போல மூன்று, நான்கு மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து கால்வாய்க்குள் இறங்கிக் கிடக்கும். இறக்கி முடிக்கும்வரை பக்கத்தில் எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகக் கூடாது. எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி.

கேனில் கேட்டால் தரலாமா?
(வாலாஜா)

தண்ணீர் பாட்டிலில் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். இரும்பு கேன் என்றால் தரையில் வைத்து, நாசில் வாயைத் தொட்டபடி மெதுவாகப் பிடியுங்கள். வண்டி மேலேயோ கையிலோ வைத்துப் பிடிக்கக் கூடாது.

ட்யூப் போட்டு வாயால் உறிஞ்சியபோது பெட்ரோல் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. வாந்தி எடுக்க வைக்கலாமா?
(ராணிப்பேட்டை)

வேண்டாம். வாந்தியில் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனை.

மே மாதம் தலைவலி தாங்கவில்லை. மாஸ்க் போதுமா?
(ஆற்காடு)

துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியை அல்ல. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஆவி இன்னும் அதிகமாகக் கிளம்பும். காற்று பக்கவாட்டில் வீசும்படி நில்லுங்கள், டேங்க் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், டேங்க் நிரம்பி நாசில் தானாக நின்ற (ஆட்டோ கட்) பிறகு ரவுண்டுத் தொகைக்காக நிரப்பாதீர்கள். உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்திருக்கிறது. வண்டி இல்லாத நேரத்தில் நிழலில் உட்கார அதைக் கேட்டு வாங்குங்கள்.