பண்ணைக்காட்டுச் சரிவில் காணும் ரணகள்ளி பழனி மலைக்கே உரிய செடியா?

இல்லை. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அழகுக்காகவும் மருந்துக்காகவும் கொண்டுவரப்பட்டு, வெப்பநாடுகள் எங்கும் காடேறிவிட்டது.

பரவும் விதம்தான் அருமை. தடித்த இலையின் ஓரப் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மொட்டு உறங்குகிறது. இலை உதிர்ந்து ஈரமண்ணில் கிடந்தால் போதும், முதலில் நூல்போல வேர், அப்புறம் இரண்டு குட்டி இலைகள். தாய் இலையின் நீரைக் குடித்தே வளரும். அதனால்தான் பாறை இடுக்கிலும் கல்கட்டிலும் கூட்டமாக நிற்கிறது. மேல்மலை உறைபனியை மட்டும் தாங்காது.

பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேமிக்கும்; பகலில் அதைச் செலவழிக்கும். காலையில் இலை புளிப்பதும் மாலையில் சப்பென்றிருப்பதும் இதனால்தான். இந்தியாவில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் இதை 1813இலேயே கடிதமாக எழுதினார்.

காயத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் நாட்டு மருத்துவத்தில் தருகிறார்கள். ஆனால் இதயத்தைத் தாக்கும் நச்சும் இதில் உண்டு, மேய்ந்த மாடுகள் இறந்திருக்கின்றன. தயவுசெய்து நீங்களாகப் பறித்துத் தின்னாதீர்கள். சோலை ஓரத்தில் நடவும் வேண்டாம், உதிரும் இலையெல்லாம் செடியாகும்.