முதல் ஸ்கார்ஃப்: 30 கண்ணி 37 ஆவது ஏன்? ஓரம் சுருள்வது ஏன்?

கேள்வியின் சாரம்: கோவையில் இருக்கிறீர்கள். ஜனவரியில் ஊட்டி போவதற்குள் சொந்தமாக ஒரு ஸ்கார்ஃப் பின்ன ஆசை. யூடியூப் பார்த்து 30 கண்ணி (ஊசியில் மாட்டும் நூல் வளையம்) போட்டு ஆரம்பித்தது, ஒரு சாண் வருவதற்குள் 37 ஆகிவிட்டது. ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (புறப் பின்னல்) என்று பின்னியதில் இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருட்டிக்கொள்கிறது. கடையில் எட்டாம் நம்பர் கேட்டு வாங்கிய ஊசி, வீடியோவில் உள்ளதைவிட ஒல்லியாக இருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

ஊசிதான் இருப்பதிலேயே சுலபம். நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இன்னும் புழங்குகிறது. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 6 என்றால் 5 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்க நம்பர் நேர் தலைகீழ். அங்கே 8தான் 5 மி.மீ., 6 என்பது 4 மி.மீ. வீடியோவில் சொன்ன எட்டு வேறு, டவுன்ஹால் பக்கம் கடையில் நீங்கள் கேட்ட எட்டு வேறு. இனி நம்பரே சொல்லாதீர்கள், "அஞ்சு எம்எம்" என்று கேளுங்கள். 35 செ.மீ. நீள அலுமினிய ஊசி ஒரு ஜோடி போதும். மூங்கில் கிடைத்தால் கண்ணி வழுக்கி விழாது. ஆனால் சித்திரை வெயிலில் கை வியர்க்கும்போது அக்ரிலிக் நூல் மூங்கிலில் நகராமல் இழுபடும். அப்போது அலுமினியமே தேவலை.

நூலுக்கு வருவோம். 'உல்லன்' என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். முதல் ஸ்கார்ஃபுக்கு அது ஒரு குறையே இல்லை. பல தடவை பிரித்துப் பின்னினாலும் தாங்கும், பூச்சி அரிக்காது, ஊட்டிக் குளிருக்கும் போதும். பார்க்க வேண்டியது கனத்தைத்தான். 100 கிராமுக்கு சுமார் 200 மீட்டர் வரும் நூல் 5 மி.மீ. ஊசிக்குப் பொருந்தும். லேபிளில் மீட்டர் இல்லையென்றால் ஊசிப் படத்துக்குப் பக்கத்தில் 4.5 அல்லது 5 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கான மெல்லிய நூல் தொட்டால் மெத்தென்று இருக்கும், கை தானாக அதற்குத்தான் போகும். வேண்டாம், பின்னிப் பின்னி நீளமே ஏறாது. வெளிர் நிறம், ஒரே நிறம், முடி முடியாக நீட்டிக்கொண்டிராத நூல். கறுப்பிலும் கருநீலத்திலும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கண்ணி எது, இடைவெளி எது என்றே தெரியாது. 200 கிராமையும் ஒரே தடவையில், ஒரே லாட் நம்பரில் வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் சாயம் இம்மி மாறும். கடையில் தெரியாது, பின்னிய பிறகு பட்டை கட்டியது பளிச்சென்று தெரியும்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் வரும் ஒரு யோசனை உண்டு: திருப்பூரில் தெரிந்தவர் பனியன் கம்பெனியில் இருக்கிறார், கோன் நூல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாமே? கணக்குப் போட்டுப் பாருங்கள். 30-ஆம் கவுண்ட் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டம் (நூல் கட்டு) 30 இருக்கும்; அதாவது ஒரு கிராமுக்குச் சுமார் 50 மீட்டர். நமக்கு வேண்டியது கிராமுக்கு 2 மீட்டர். 25 இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்ன வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் நாலைந்து இழை ஊசிக்கு வெளியே நிற்கும். கட்டிங் வேஸ்டிலிருந்து வரும் பனியன் துணி நாடா இதற்கு எதிர்க்கோடி: பைக்கும் மிதியடிக்கும் அருமை, கழுத்துக்குப் பாரம்.

ஓரம் சுருள்வதற்குப் பதிலும் அதே திருப்பூரில் இருக்கிறது. பழைய டீ-ஷர்ட் ஒன்றை வெட்டிப் பாருங்கள்: பக்கவாட்டில் வெட்டிய ஓரம் பின்பக்கமாகவும், கீழே வெட்டிய ஓரம் முன்பக்கமாகவும் சுருளும். சிங்கிள் ஜெர்சி துணியின் குணம் அது. கண்ணிகளின் நேர்முகம் எல்லாம் ஒரு பக்கம், புறமுகம் எல்லாம் மறுபக்கம் நிற்பதால் இரண்டு பக்கத்து இழுப்பும் சமமில்லை. நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை என்று கையால் பின்னினாலும் கிடைப்பது அதே துணிதான். உங்கள் கையில் பிழை இல்லை. எவ்வளவு சீராகப் பின்னினாலும் சுருளும். நனைத்து விரித்து வைத்தாலும் அக்ரிலிக் பழையபடி சுருட்டிக்கொள்ளும். கழுத்துப் பட்டிக்கு ரிப் போடுவதற்கு ஒரு காரணம், அதில் நேரும் புறமும் மாறி மாறி வருவதால் சுருளாது என்பது.

ஆகவே பர்லை மறந்துவிடுங்கள். எல்லா வரிசையும் நிட். இதற்கு கார்ட்டர் ஸ்டிட்ச் என்று பெயர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், தட்டையாகக் கிடக்கும், பாத்தி வரப்பு போலக் குறுக்கே மேடு மேடாகத் தெரியும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு.

பின்னியதைப் பிரித்துவிட்டுப் புதிதாக 30 கண்ணி போடுங்கள். பல வீடியோக்களில் வருவது நீள வால் விட்டு விரலில் மாட்டிப் போடும் முறை. முதல் தடவைக்கு அது தேவையில்லை. வால் எவ்வளவு விடுவது என்ற கணக்கிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், 26-ஆம் கண்ணியில் வால் தீர்ந்துபோகும். பதிலாக, 15 செ.மீ. வால் மட்டும் விட்டு ஒரு சுருக்குக் கண்ணி போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். வலது ஊசியை அதில் முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலைச் சுற்றி, புதுக் கண்ணியை வெளியே இழுங்கள். பழைய கண்ணியை விழவிடாமல், புதியதையும் இடது ஊசியிலேயே மாட்டுங்கள். இப்படியே 30 வரை. இதில் ஒரு லாபம், பின்னலின் அதே அசைவு முப்பது தடவை கைக்குப் பழகிவிடும். கண்ணியை இறுக்காதீர்கள், ஊசியில் தடையில்லாமல் நகர வேண்டும்.

பின்னுவதும் அதேதான், புதுக் கண்ணி வலது ஊசியில் தங்க, பழையது இடது ஊசியிலிருந்து கழன்றுவிடும் என்பதைத் தவிர. கவனம் வைக்க வேண்டியது நூல் சுற்றும் திசை. நூல் எப்போதும் பின்பக்கம் இருக்க, வலது ஊசி முனையின் பின்புறமாகச் சுற்றி, இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. மாற்றிச் சுற்றினால் கண்ணியின் கால்கள் பின்னிக்கொண்டு துணி விறைப்பாகிவிடும். இன்னொன்று, கண்ணியை ஊசியின் கூரான முனையிலேயே முடித்துவிடாமல் முழுத் தடிமன் உள்ள இடம் வரை தள்ளிவிடுங்கள். கண்ணியின் அளவை ஊசியின் சுற்றளவுதான் தீர்மானிக்கிறது. முனையிலேயே நின்றுவிட்டால் கண்ணி சிறுத்து, அடுத்த வரிசையில் ஊசியே நுழையாது. நிட்டிங் மெஷினில் கண்ணியின் நீளம் (லூப் லெங்த்) மாறினால் துணியின் கனம் (ஜிஎஸ்எம்) மாறுவதும் இந்தக் கதைதான்.

இனி 37. கண்ணி கூடுவதற்குப் பெரிய காரணம் வரிசையின் முதல் கண்ணி. துணியைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இழுத்தால், முதல் கண்ணி மேலே தூக்கிக்கொண்டு அதன் இரண்டு காலும் இரண்டு கண்ணியாகத் தெரியும். இரண்டையும் பின்னுவீர்கள், ஒன்று கூடிவிடும். துணி முக்கோணமாக அகன்றுகொண்டே போனால் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒவ்வொரு வரிசை தொடங்கும்போதும் முதல் கண்ணியைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துவிட்டு, நூல் ஊசிக்கு அடியில் பின்பக்கம் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னுங்கள்.

ஓரம் நேராக இருந்து நடுவில் ஓட்டையோடு கண்ணி கூடியிருந்தால், நூல் எப்போதோ முன்பக்கம் வந்து ஊசிமேல் ஏறியிருக்கிறது. ஓட்டையில்லாமல் கூடியிருந்தால், ஊசி நூலைப் பிளந்து பாதி இழையை ஒரு கண்ணியாகவும் மீதியை இன்னொன்றாகவும் எடுத்திருக்கும். பாதி வரிசையில் வைத்துவிட்டு எழுந்து போவதும் ஆபத்து. திரும்ப எடுக்கும்போது, உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கையில் இருக்க வேண்டும். மாறிவிட்டால் வந்த வழியே திரும்பிப் பின்னி, ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை கூடிவிடும்.

எண்ணுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. முதல் பத்து வரப்பு வரை ஒவ்வொரு வரிசையும், பிறகு ஒவ்வொரு வரப்பும். 31 என்று வந்தால் அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்தால் போதும்; 37 ஆன பிறகு எங்கே என்று தேட முடியாது. எண்ணிக்கை குறைந்தால் கண்ணி எங்கோ விழுந்திருக்கிறது, அல்லது இரண்டைச் சேர்த்துப் பின்னியிருக்கிறீர்கள். விழுந்த கண்ணியை உடனே ஒரு ஊக்கில் மாட்டிவிடுங்கள், மேலும் ஓடாது. அதற்கு மேலே குறுக்கே கிடக்கும் நூல்களை 4 மி.மீ. குரோஷா ஊசியால் ஒவ்வொன்றாகக் கண்ணிக்குள் இழுத்து ஏற்ற வேண்டும். கார்ட்டரில் ஒவ்வொரு நூலுக்கும் துணியைத் திருப்பிப் பிடித்து இழுத்தால்தான் வரப்பு சரியாக விழும்.

ரொம்ப இறுக்காமலும் தளர்த்தாமலும் பின்னும் நடுத்தரக் கைக்கு 10 செ.மீ.க்கு 17 கண்ணி வரும். அப்படியானால் 30 கண்ணிக்கு அகலம் பதினேழரை செ.மீ. 150 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 255 வரப்பு, மொத்தம் 15,300 கண்ணி. நிமிடத்துக்கு 10 கண்ணி போட்டால் இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிரிப்பது தனி. ஊட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்காதீர்கள். மார்கழிக் காலையில் வண்டி ஓட்டவும் இதையே போடுவதானால் 120 செ.மீ. போதும், முனைகளைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். பின்சக்கரத்துக்கு துப்பட்டாவும் ஸ்கார்ஃபும் ஒன்றுதான். நீளத்தை மேசையில் விரித்து அளங்கள். தொங்கவிட்டு அளந்தால் கார்ட்டர் தன் எடையிலேயே இறங்கி, பொய் சொல்லும்.

நூல் தீரும்போது நடுவில் முடிச்சுப் போடாதீர்கள். ஓரத்தில் பழையதில் 15 செ.மீ. விட்டுவிட்டு, புதியதிலும் அதே அளவு விட்டுப் பின்னத் தொடங்குங்கள். கடைசி வரிசைக்கு வரப்பு ஒன்றுக்கு ஆகும் நூலைப் போல இரு மடங்கு மிச்சம் இருக்கட்டும். முடிக்க, இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தூக்கி விட்டுவிடுங்கள். இன்னொன்று பின்னி அதேபோல். இந்த ஒரு வரிசைக்கு மட்டும் வலது கையில் 6 மி.மீ. ஊசி இருந்தால் நல்லது, இல்லையென்றால் முடிவு ஓரம் இறுகி, ஸ்கார்ஃப் ஒரு முனையில் குறுகிவிடும். வால்களை முனை மழுங்கிய, காது பெரிய ஊசியில் கோத்து ஒரு திசையில் 5 செ.மீ., திரும்பி 5 செ.மீ. என வரப்புக்குள் ஓட்டுங்கள். அக்ரிலிக் வழுக்கும், ஒரு திசை மட்டும் ஓட்டினால் இரண்டு துவையலில் வெளியே எட்டிப் பார்க்கும்.

துவைக்கப் பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் ஷாம்புவும் போதும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, பாயில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் போட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுவிடும். வீட்டுத் துணிகளோடு சேர்த்து இஸ்திரி வண்டிக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். சூடு நேராகப் பட்டால் அக்ரிலிக்கின் துள்ளல் போய், வரப்புகள் படுத்து, பளபளவென்று தொங்கிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.