போன் ஸ்கேன் சுத்தம். பிறகு எதற்கு இன்னொரு ஸ்கேன்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, புராஸ்டேட் புற்றுநோய். பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 28. பயாப்சியில் க்ளீசன் (நோயின் வீரியத்தைச் சொல்லும் மதிப்பெண்) 4+4 என்று வந்திருக்கிறது. சிடி, போன் ஸ்கேன் இரண்டிலும் பரவல் இல்லை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போனால், "பிஎஸ்எம்ஏ பெட் சிடி எடுத்துவிட்டு வாருங்கள்" என்கிறார் டாக்டர். இருபதாயிரத்துக்கு மேல் ஆகுமாம். அண்ணனோ "பணம் பிடுங்கும் வேலை" என்கிறான். அவசியம்தானா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அண்ணனின் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன், நாட்டு நடப்பு அப்படி. ஆனால் இந்த விஷயத்தில் நான் உங்கள் டாக்டர் பக்கம்.

போன் ஸ்கேன் புற்றுநோயை நேராகப் பார்ப்பதில்லை. நோய் அரித்த இடத்தில் எலும்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளப் பார்க்கும். அந்த வேலை நடப்பதைத்தான் காட்டும். மூட்டுத் தேய்மானமும் ஆறிவரும் முறிவும்கூட அதில் கறுப்பாகத் தெரியும். சிடியோ நெறிக்கட்டியின் (நிணநீர் முடிச்சு) பருமனை வைத்துத்தான் பேசும். ஐந்து மில்லிமீட்டர் நெறிக்கட்டிக்குள் நோய் உட்கார்ந்திருந்தாலும் "நார்மல்" என்றே எழுதுவார்கள்.

பிஎஸ்எம்ஏ என்பது புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் நிறைய இருக்கும் ஒரு புரதம். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறில் கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி ஊசியாகப் போடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் படம். செல் எங்கே கூட்டமாக இருக்கிறதோ அங்கே ஒளிரும்.

ஆஸ்திரேலியாவில் உங்கள் அப்பாவைப் போன்ற அதிக ஆபத்துள்ள 302 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2020-ல் லான்செட் இதழில் வந்தது. பரவலைச் சரியாகச் சொன்னதில் சிடியும் போன் ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம். பிஎஸ்எம்ஏ பெட் 92. கதிர்வீச்சும் பாதிக்குக் குறைவு.

இந்த ஸ்கேன் எங்கள் ஊருக்கு வராத காலத்தில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டருக்கு ஆபரேஷன் செய்தேன். போன் ஸ்கேன், சிடி எல்லாம் சுத்தம். ஆபரேஷனும் நன்றாகவே முடிந்தது. புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்தால் ஆறு வாரத்தில் பிஎஸ்ஏ கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும். அவருக்கு 6 இருந்தது. லேப் காகிதத்தை டிக்கெட் கட்டு மாதிரி நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு, "எடுத்துட்டீங்கல்ல சார், அப்புறம் எங்கேர்ந்து வருது?" என்றார். நோய் முன்பே வேறு எங்கோ போய்விட்டது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. சிறுநீர் கசிவுக்குப் பேடு கட்டிக்கொண்டு கதிர் சிகிச்சைக்கும் அலைந்தார். இன்றைக்கு என்றால் கத்தியை எடுப்பதற்கு முன்பே தேடியிருப்பேன்.

ஆனால் ஒன்று. ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் பரவவே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கலிஃபோர்னியாவில், ஸ்கேனுக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்ட 277 பேரின் நெறிக்கட்டிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். உண்மையில் நோய் இருந்தவர்களில் 40 சதவீதத்தினரைத்தான் ஸ்கேன் பிடித்திருந்தது. நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தினருக்கு "இல்லை" என்று சரியாகவே சொன்னது. அதாவது, அது "இருக்கிறது" என்றால் பெரும்பாலும் நம்பலாம். "இல்லை" என்றால் அரைமனதோடுதான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கு அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால்தான் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் உங்கள் அப்பா போன்றவர்களுக்கு ஆபரேஷனில் இடுப்பு நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்கிறோம். அதைச் செய்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விலா எலும்பில் ஒரே ஒரு புள்ளி ஒளிர்ந்தால் அதை மட்டும் நம்பி ஆபரேஷனைக் கைவிட வேண்டாம். விலாவில் பொய்ப்புள்ளிகள் சகஜம். ஸ்கேன் எடுக்கும்வரை ஹார்மோன் ஊசியையும் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். அது படத்தை மாற்றிவிடக்கூடும்.

கேள்வி: எனக்கு 61. பிஎஸ்ஏ 5.8, க்ளீசன் 3+3. மன நிம்மதிக்காக நானும் இதை எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். உங்கள் நிலையில் பரவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எங்கேயாவது அர்த்தமில்லாத ஒரு புள்ளி தெரிந்து, இருக்கிற நிம்மதியும் போகும். எம்ஆர்ஐ எடுத்து, பிஎஸ்ஏவைக் கண்காணித்து வந்தால் போதுமா என்று உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: கணவரின் பிஎஸ்எம்ஏ படத்தில் கன்னம், கண்ணோரம், இரண்டு சிறுநீரகம் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. மூன்று நாளாகத் தூக்கமில்லை. வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தூங்குங்கள் அம்மா. உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் இவை எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும். பிஎஸ்எம்ஏ என்ற பெயரில் புராஸ்டேட் இருந்தாலும் அந்தப் புரதம் அங்கேயும் உண்டு. மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் மூத்திரப்பையும் ஒளிரும். படத்துக்கு முன் கழிவறைக்கு அனுப்பியிருப்பார்களே, அதற்காகத்தான். படத்தை விட்டுவிட்டு ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். கேலியம்-68 ஊசி என்றால் 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அன்று ஒருநாள் குழந்தையைத் தள்ளி வைத்திருந்தால் சரி. மூன்று நாளாகிவிட்டது, இனித் தாராளமாகத் தூக்கச் சொல்லுங்கள்.