கார்லோஸ் ரூயிஸின் 39 கோல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குவாத்தமாலாவின் கால்பந்து ஆட்டக்காரர் கார்லோஸ் ரூயிஸை ‘மாபெரும் வீரர்’ என்று எழுதியிருந்தீர்கள். உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் 39 கோல் என்பது பெரிய எண்தான். ஆனால் அதில் ஐந்தை செயின்ட் வின்சென்ட் என்ற குட்டித் தீவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அடித்திருக்கிறார். உலகக்கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடாதவருக்கு இந்தப் பட்டம் அதிகமில்லையா?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

‘மாபெரும்’ எழுதும் வேகத்தில் விழுந்த சொல். எடுத்துவிடலாம்.

அந்த ஐந்து கோல்களைப் பற்றி நீங்கள் இன்னும் கடுமையாகவே எழுதியிருக்கலாம். 2016 செப்டம்பர் 6 அன்று அந்த ஆட்டம் தொடங்கும் முன்பே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு குவாத்தமாலாவுக்குக் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தது. 36 வயது ரூயிஸுக்கு அதுவே நாட்டுக்கான கடைசி ஆட்டம். 34 கோல்களோடு இறங்கியவர், ஈரானின் அலி தாயி வைத்திருந்த 35 கோல் சாதனையைத் தாண்டி 39ல் முடித்தார். குவாத்தமாலா 9-3 என வென்றது. வழியனுப்பு விழா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஐந்தையும் கழித்துவிடுவோம். மீதி 34 எங்கிருந்து வந்தது? மெக்சிகோ போன்ற அணிகள் அந்த வட, மத்திய அமெரிக்க, கரீபிய வட்டாரத்தில் கடைசிச் சுற்றுகளுக்குத்தான் வரும். குவாத்தமாலா பெரும்பாலும் கீழிருந்து, தீவு அணிகளோடு மோதித்தான் ஏறிவர வேண்டும். சுலபமான கோல்கள் கிடைப்பதும் அதனால்தான், ஐந்து உலகக்கோப்பைகளுக்கு முயன்றும் ஒன்றில்கூட நுழைய முடியாமல் போனதும் அதனால்தான்.

எவ்வளவு நெருங்கினார்கள் என்று பாருங்கள். 2005 அக்டோபரில் 2006 உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றின் கடைசி நாள். குவாத்தமாலா கோஸ்டாரிகாவை 3-1 என வென்றது. போட்டியிலிருந்த டிரினிடாட் அன்று மெக்சிகோவோடு டிரா செய்திருந்தால்கூடப் போதும், ஆசிய அணியோடு மோதும் கடைசித் தகுதி ஆட்டம் குவாத்தமாலாவுக்குக் கிடைத்திருக்கும். டிரினிடாட் 2-1 என வென்றுவிட்டது. 2012ல் கான்சாஸ் சிட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார் ரூயிஸ். 3-1 என்ற தோல்வியில் முடிந்தது அது. அடுத்த சுற்றுக்கு ஜமைக்கா கோல் வித்தியாசத்தில் முந்திக்கொண்டது.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். தொட்டதும் சுருண்டு விழுகிறவர் என்ற பெயர் அவருக்கு அமெரிக்க லீகில் உண்டு. எனக்கும் பிடிக்காத குணம்தான். ஆனால் அதே லீகின் 2002 இறுதியாட்டத்தில், எதிரணியின் ஊரில் 61,000 பேருக்கு முன்னால், கூடுதல் நேரத்தின் 113ஆவது நிமிடத்தில் தன் அணியான லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்குக் கோப்பையைப் பெற்றுத்தந்தது அவர் கால்தான். அங்கே குட்டித் தீவு எதுவும் இல்லை.

2025ல் கிறிஸ்டியானோ ரொனால்டோ 41 கோல்களோடு அவரை முந்திவிட்டார். ஆகவே உங்கள் எண் பிரச்சினை தீர்ந்தது.

நேரம் கிடைத்தால் 2016 மார்ச்சில் அமெரிக்காவுக்கு எதிராக அவர் அடித்ததை மட்டும் பாருங்கள். குவாத்தமாலா கோல்கீப்பர் நீளமாக உதைத்த பந்து, அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர்கள் யோசிப்பதற்குள் ரூயிஸ் அதை எட்டிப் பிடித்து, அமெரிக்க கோல்கீப்பர் டிம் ஹோவார்டைத் தாண்டி உள்ளே தள்ளுகிறார். ஆட்டம் 2-0. நான்கு நாள் கழித்துக் கொலம்பஸில் நான்கு கோல் வாங்கினார்கள், அதைப் பார்க்க வேண்டாம்.